அடிமனை ஊர்: லாக் பயணக் குறிப்புகள்

ஜூலை 25, வெள்ளி: ஆறு மேலே, தோப்பு கீழே

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரை விட்டுத் தெற்கே வந்த கொஞ்ச நேரத்திலேயே 160ஆம் எண் நெடுஞ்சாலை ஆற்றங்கரையின் மேல் ஏறிக்கொள்கிறது. வலது பக்கம் ஆறு ததும்பிக்கொண்டு கூடவே வருகிறது. இடது பக்கம் எட்டிப் பார்த்தால் பேரிக்காய்த் தோப்புகள். மரத்தின் உச்சி நம் கண் மட்டத்தில் இருக்கிறது, அடிமரம் எங்கோ பள்ளத்தில். மதியம் ஒரு மணிக்கு வெயில் 38 டிகிரி. காருக்குள் ஏசி ஓடியும் கண்ணாடி சுட்டது.

அப்பாவுக்கு அந்தக் காட்சி சரிப்படவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாய்க்கால், மதகு, வரப்பு என்று முப்பது வருஷத்துக்கு மேல் சங்கிலி பிடித்து அளந்த கண்.

"ஏம்மா, ஆத்து மட்டத்தைவிட தோப்பு தாழ இருக்கே. கரை உடைஞ்சா என்ன ஆகும்?"

"முழுகிடும்ப்பா. பல தடவை முழுகியும் இருக்கு."

"அப்ப யாரு இந்தக் கரையைப் போட்டது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணமே. நாளை நாங்கள் போகிற லாக் என்கிற சின்ன ஊரை உருவாக்கிய சீனர்களுக்கு முந்திய தலைமுறைச் சீனர்கள்தான் இந்தக் கரைகளில் பெரும்பகுதியைப் போட்டவர்கள். 1850க்கு முன்னால் இந்த டெல்டா முழுக்கக் கோரை மண்டிய சதுப்பு. வெள்ளம் வந்தால் கடல், வடிந்தால் சேறு. 1869இல் கண்டம் கடக்கும் ரயில் பாதை முடிந்து வேலையிழந்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களை நில முதலாளிகள் இங்கே இறக்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மண்வெட்டியால் வெட்டி, தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டிய கரைகள். தினக்கூலி ஒரு டாலரை ஒட்டி. மலேரியா வேறு. 1860 முதல் 1880 வரை மட்டும் 88,000 ஏக்கர் சதுப்பை அவர்கள் விளைநிலமாக்கியதாகக் கணக்கு சொல்கிறார்கள். உளைச் சேற்றில் குதிரையின் கால் புதையாமலிருக்க அதன் குளம்பில் அகலமான லாடம் மாதிரி ஒன்றைக் கட்டிவிடும் உத்தியும் அவர்கள் கண்டுபிடித்ததுதான் என்பார்கள்.

ஆறு உயரமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள கறுப்பு மண் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோரை அழுகிப் படிந்தது. தண்ணீரை வடித்து உழுததும் அதில் காற்றுப் பட்டு மண்ணே கரைந்து குறைகிறது. அதனால் நிலம் வருஷா வருஷம் இறங்குகிறது. டெல்டாவின் சில தீவுகள் இன்று கடல் மட்டத்துக்கு 25 அடி கீழே இருக்கின்றன. ஆயிரம் மைலுக்கு மேல் நீளும் கரைகள்தான் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கின்றன. அப்பா கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. கண் மட்டும் கரையின் சரிவிலேயே இருந்தது.

ஹூட் என்ற சிற்றூரைத் தாண்டி ஒரு மர நிழலில் மேசை போட்டுப் பேரிக்காய் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை. தகரப் பெட்டியில் காசு போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு பை 5 டாலர். பார்ட்லெட் வகை. பச்சையாக இருந்தால் கடிக்க முடியாது, இரண்டு நாள் வைத்து மஞ்சளானதும் தின்னலாம். பல்லுக்குப் பயந்து அப்பா மஞ்சளாகத் தேடி ஒன்று எடுத்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

லாக்கில் தங்க இடம் கிடைக்காமல் லோடை பக்கம் ஒரு மோட்டலில் அறை எடுத்திருந்தோம். அறைக்குள் ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வரவேற்பில் இருந்த பெண் உடனே வேறு அறை கொடுத்தார், பெட்டிகளையும் அவரே தூக்கி வந்தார். இரவு நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சாபி தாபாவில் ரொட்டி, தால், மோர். லாரி ஓட்டுநர்கள் கூட்டம். இந்தப் பக்கம் பஞ்சாபிகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. பக்கத்து ஊரான ஸ்டாக்டனில் 1912லேயே குருத்வாரா கட்டியிருக்கிறார்கள். சீனர்களை வாட்டிய அதே நிலச் சட்டம் இவர்களையும் வாட்டியது. அது நாளைய கதை.

ஜூலை 26, சனி: லாக்

காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டோம். லாக்குக்கு ஆற்றங்கரைச் சாலையில் வந்தால் ஊர் கண்ணிலேயே படாது. சாலையோரம் சில பழைய மரக் கட்டடங்களின் முகப்பு தெரியும், அவ்வளவுதான். அவை அந்தக் கட்டடங்களின் மாடிகள். கீழ்த்தளம் கரைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி பள்ளத்தில் வேறொரு தெருவைப் பார்த்துத் திறக்கிறது. மரப் படிகளில் இறங்கினால் மெயின் ஸ்ட்ரீட். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும், அத்தனை குறுகல். இரண்டு பக்கமும் பலகையால் ஆன மாடிக் கட்டடங்கள், சாயம் போய்ச் சாம்பல் நிறத்தில். சில சுவர்கள் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடி முற்றங்களின் நிழலில் நடந்தால் வெயில் தெரியவில்லை.

இந்த ஊருக்கு நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது, ஊர்ச்சபைத் தேர்தல் கிடையாது. சாக்ரமெண்டோ கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நேரடிப் பொறுப்பில் உள்ள குடியிருப்பு. அமெரிக்காவில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெயர் உண்டு, ஆள் உண்டு, எல்லைக்கோடும் அதிகாரமும் கிடையாது. லாக்கில் இப்போது எழுபது எண்பது பேர் இருப்பார்கள். சீனக் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஊர் பிறந்த கதை ஒரு தீயில் தொடங்குகிறது. தெற்கே கூப்பிடு தூரத்தில் வால்நட் குரோவ். அங்கிருந்த சீனர் தெரு 1915 அக்டோபரில் எரிந்து போனது. அங்கே குவாங்டாங் மாகாணத்தின் இரண்டு வட்டாரத்து மக்கள் இருந்தார்கள், பேச்சும் வேறு வேறு. அவர்களில் சோங்ஷான் வட்டாரத்தார் தனியே போய் வாழலாம் என்று முடிவெடுத்தார்கள். லீ பிங் என்ற வணிகர் தலைமையில் ஒரு குழு பக்கத்துத் தோப்பின் உரிமையாளர் ஜார்ஜ் லாக்கைப் போய்ப் பார்த்தது. அங்கே 1912 முதலே இரண்டு மூன்று சீனக் கட்டடங்கள் இருந்தன. இடம் தருகிறேன், கட்டிக்கொள்ளுங்கள், வாடகை கொடுங்கள் என்றார் அவர். பத்திரம் எதுவும் எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான். விற்கவும் இல்லை. வாங்கவும் அவர்களால் முடியாது. 1913இல் கலிபோர்னியா போட்ட சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயல்நாட்டார் நிலம் வாங்கக்கூடாது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும், யாரைக் குறிவைத்தது என்று தெரியும். 1923இல், குடியுரிமை கேட்ட பஞ்சாபியரான பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் இந்தியர்களும் அந்தத் தகுதியில்லாதவர்கள்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நேற்று தாபாவில் பார்த்தவர்களின் முன்னோர் தெரிந்த வெள்ளைக்காரர் பெயரிலும், இங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலும் நிலம் வைத்துக்கொண்டது அதனால்தான்.

நான் இதை மெயின் ஸ்ட்ரீட்டில் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே வந்தார்.

"வீடு அவங்களது, மண்ணு வேற ஆளுது. கோயில் அடிமனை மாதிரி."

அதே ஏற்பாடுதான். கும்பகோணத்தில் எங்கள் பெரியத்தை இருக்கும் வீடு கோயில் அடிமனைதான். மூன்று தலைமுறையாகக் கட்டி, இடித்து, மறுபடி கட்டி, வருஷா வருஷம் அடிமனை வாடகை கட்டுகிறார்கள். அப்பா அதற்குப் பிறகு ஊரைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. ஒவ்வொரு கட்டடத்தின் கடைக்காலையும் குனிந்து பார்த்தார்.

முதலில் தாய் லாய் அருங்காட்சியகம். 1916 முதல் 1951 வரை சூதாட்ட விடுதியாக இருந்தது, மாநில அதிகாரிகளின் சோதனைக்குப் பின் மூடப்பட்டது. மேசைகள் அப்படியே இருக்கின்றன. ஃபான் டான் ஆட்டம் எப்படி என்று அங்கிருந்த தன்னார்வலர் செய்தே காட்டினார். வெள்ளைப் பொத்தான்களை ஒரு கைப்பிடி அள்ளி மேசையில் வைத்து ஒரு கிண்ணத்தால் மூடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: எதன் மேல் பணம் வைப்பது என்பது ஆடுபவர் பாடு. கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, வளைந்த மெல்லிய குச்சியால் நாலு நாலு பொத்தானாக ஒதுக்குகிறார். மேசை மேல் குச்சி உரசும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கடைசியில் மிஞ்சியது மூன்று. மூன்றில் வைத்தவனுக்குப் பணம், விடுதிக்குக் கமிஷன். கையில் ஒளிக்க முடியாதபடி பொத்தானைக் கையால் தொடாமல் குச்சியால்தான் நகர்த்த வேண்டுமாம்.

இன்னொரு மூலையில் லாட்டரிச் சீட்டு. ஆயிரம் எழுத்து என்று சீனப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பழைய பாடத்தின் முதல் 80 எழுத்துகள் அச்சிட்டிருக்கும், பத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் ஆடும் கீனோ இதிலிருந்து வந்தது.

சூதாட்ட விடுதி என்றால் எனக்கு முதலில் ஒரு கசப்பு இருந்தது. உள்ளே நின்று பார்த்தபோது அது மாறியது. பகலெல்லாம் பேரித்தோப்பிலும் அஸ்பாரகஸ் வயலிலும் குனிந்து வேலை செய்த ஆண்கள். 1875இல் வந்த ஒரு சட்டத்தால் மனைவியை அழைத்து வருவதே நடைமுறையில் பெரும்பாடு. 1882இல் சீனத் தொழிலாளர் நுழைவதற்கே தடை, 1943 வரை அது நீடித்தது. ஊருக்குத் திரும்பிப் போனால் மறுபடி நுழைய முடியுமா என்பதும் நிச்சயமில்லை. மாலை நேரத்தில் சொந்தப் பேச்சு கேட்கிற, வெளிச்சமான, யாரும் விரட்டாத இடம் இதுதான். பெஞ்சின் விளிம்பு உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கிறது. அப்பா அதன் மேல் கை வைத்துத் தடவிப் பார்த்தார்.

1920களில் 600 பேர் நிரந்தரமாக இருந்த ஊர். அறுவடைக் காலத்தில் ஆயிரத்துக்கு மேல். மளிகைக் கடைகள், மூலிகை வைத்தியர், நாடகக் கொட்டகை, மாவு மில், தங்கும் விடுதிகள் எல்லாம் இந்த ஒரு தெருவை ஒட்டியே. அப்படி ஒரு தங்கும் விடுதியை மாநிலப் பூங்காத் துறை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. மாடி அறை ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஆணி, ஒரு ஜன்னல். கட்டிலில் படுத்து கையை நீட்டினால் எதிர்ச் சுவர்.

தெருவின் நடுவில் பள்ளிக்கூடம், 1926இல் கட்டியது. பின்னால் அதைப் புதுப்பிக்க உதவிய ஜோ ஷூங் என்ற வணிகரின் பெயர் அதற்கு இருக்கிறது. முன்னால் சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட் சென், பழைய சீன ஞானி கன்ஃபூசியஸ் இருவருக்கும் சிலை. சுன் யாட் சென் இந்த மக்களின் சொந்த வட்டாரத்துக்காரர். சியாங்ஷான் என்றிருந்த அந்த வட்டாரத்துக்கு அவர் இறந்தபின் 1925இல் அவர் நினைவாகத்தான் சோங்ஷான் என்று பெயர் மாற்றினார்கள். பிள்ளைகள் பகலில் வால்நட் குரோவில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போய்விட்டு மாலையில் இங்கே வந்து சீனம் படித்தார்கள். அந்தப் பகல் பள்ளியும் வெள்ளைப் பிள்ளைகள் படித்த பள்ளி இல்லை, ஆசியப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தனிப் பள்ளி. இரண்டாம் உலகப்போர் வரை அப்படித்தான். வகுப்பறைக்குள் மரப் பெஞ்சுகள், கரும்பலகை, நான் படித்த ஊராட்சிப் பள்ளியில் இருந்த அதே உயரத்தில் அதே மை ஓட்டை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மதியச் சாப்பாடு ஆல்ஸ் பிளேஸில். 1934இல் ஆல் அடாமி என்ற இத்தாலியர் தொடங்கியது, சீனரல்லாதவர் இந்த ஊரில் திறந்த முதல் கடை இது என்பார்கள். கூரையில் டாலர் நோட்டுகளாக ஒட்டியிருக்கிறது. மாட்டிறைச்சி ஸ்டேக்கும் அதோடு வேர்க்கடலை வெண்ணெய் தடவிய டோஸ்டும்தான் இங்கே பேர்போனது. அப்பா சைவம். "டோஸ்ட்டும் வேர்க்கடலையும் மட்டும் கொடுங்க" என்று நான் கேட்டதும் பரிமாறியவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு தட்டு நிறைய டோஸ்ட், வறுத்த உருளைக்கிழங்கு, சாலட் என்று கொண்டுவந்து வைத்துவிட்டு டோஸ்டுக்குக் காசே போடவில்லை. அப்பா எழும்போது அவருக்குக் கை கூப்பினார், அவரும் பதிலுக்குக் கூப்பினார்.

சாப்பிட்டுவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தோம். வீடுகளுக்குப் பின்னால் தோட்டம். பாகல் பந்தல், நீளக் காராமணி, பூசணி. அப்பா பந்தல் ஓரம் நின்றுவிட்டார். கூம்புத் தொப்பி போட்ட ஒரு அம்மா தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முதலில் அப்பாவின் வயதைக் கேட்டார். எழுபத்து நான்கு என்றதும் தனக்கு அதைவிட ஒன்பது கூட என்று திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு இரண்டு பாகற்காயைப் பறித்துக் கொடுத்தார். எங்கள் காயைவிட வெளுப்பு, மேடு பள்ளம் குறைவு, உருட்டு உருட்டாக. நான் காசு எடுக்கப் போனதும் குழாயை என் பக்கம் திருப்புவது போல் காட்டினார். நான் பையை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மேற்கிலிருந்து காற்று வந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து ஆற்றுவழியே ஏறி வரும் குளிர்காற்று. இதை டெல்டாக் காற்று என்கிறார்கள். அரை மணியில் சட்டை காய்ந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு: பேரிக்காய்த் திருவிழாவும் ஒரு கணக்கும்

ஜூலை கடைசி ஞாயிறு பக்கத்து ஊரான கோர்ட்லண்டில் பேரிக்காய்த் திருவிழா. 1970கள் முதல் நடக்கிறது. நூற்றுக்கணக்கான கார்கள் தோப்புக்குள் தூசி கிளப்பிக்கொண்டு நிறுத்தப்பட்டிருந்தன. பேரிக்காயை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரம், பேரிக்காய்ப் பஜ்ஜி, பேரிக்காய் ஐஸ்கிரீம், பேரிக்காய் லெமனேட். பஜ்ஜி என்று நான் சொல்வது மாவில் தோய்த்துப் பொரித்துச் சர்க்கரை தூவியது. ஒரு தட்டு 8 டாலர், விலை அதிகம்தான், ஆனால் சூடாக வாயில் வைத்தால் கரைகிறது. அப்பா இரண்டாவது தட்டு வாங்கச் சொன்னார். எங்களுக்கு மேசையில் இடம் விட்ட குடும்பம் மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து வந்தது. இன்றைக்கு இந்தத் தோப்புகளில் காய் பறிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஏணியில் நின்று ஒரு நாளில் எத்தனை பெட்டி நிரப்ப முடியும் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்ல, மகள் மொழிபெயர்க்க, அப்பா திருப்பிக் கேள்வி கேட்க, நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் நால்வரும் கூலிக் கணக்குப் பேசினோம்.

மேடையில் பாட்டு, பிள்ளைகளுக்குப் பேரிக்காய் சாப்பிடும் போட்டி. வெயில் 39ஐத் தொட்டதும் அப்பாவுக்குத் தலை சுற்றியது. முதலுதவிக் கூடாரத்தில் இருந்த இளைஞர் ஈரத்துண்டை அவர் கழுத்தில் போட்டு உட்கார வைத்து, கால் மணிக்கு ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போனார். தெளிந்ததும் மறுபடி லாக்குக்கே திரும்பினோம். அப்பாவுக்கு அங்கே ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அந்த நிலச் சட்டம் இன்னமும் இருக்கா?"

இல்லை. 1952இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. குடியுரிமைத் தடையும் போய்விட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் அதற்கு முன்பே குடிமக்கள்தான்.

"அப்புறம் ஏன் வாங்கல?"

தங்கும் விடுதி அருங்காட்சியகத்தில் இருந்த பெண்மணியிடம் கேட்டோம். அவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டி விளக்கினார். ஊர் முழுக்க லாக் குடும்பத்தின் பண்ணை நிலத்தில் ஒரே துண்டாகக் கிடந்தது. மனை மனையாகப் பிரிக்கப்படவே இல்லை.

அப்பா நிமிர்ந்தார். "அதைச் சொல்லு! உட்பிரிவு பண்ணாம கிரயம் எப்படிப் பண்றது? ஒரே புல எண்ணுல ஊரே உக்காந்திருக்கு. அளந்து கல்லு நட ஒரு ஆளு வரலையே இத்தனை வருஷமா."

நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, ஆமாம், கடைசியில் அளப்பவர்கள்தான் வந்தார்கள் என்றார். 1977இல் பண்ணையை ஒரு ஹாங்காங் நிறுவனம் வாங்கியது. ஊர் மறுபடி ஒரு கைமாறியது, குடியிருந்தவர்களுக்கு மண் கிடைக்கவில்லை. 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டம் கிடைத்தது, அப்போதும் கட்டடத்துக்குக் கீழே இருந்த மண் வேறொருவருடையது. சாக்கடை வசதிகூடப் பழுதாகி நாறிக்கொண்டிருந்தது. பிறகு கவுண்டியின் வீட்டுவசதி முகமை ஊரின் நிலத்தை வாங்கி, கழிவுநீர்க் குழாய் போட்டு, மனைகளாகப் பிரித்து, அந்தந்தக் கட்டடத்துக்காரருக்கே விற்றது. வருஷம் 2004.

1915இலிருந்து 2004. எண்பத்தொன்பது வருஷம்.

எனக்குத் தொண்டை அடைத்த இடம் அதுதான். சட்டம் போட்ட சுவரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். ஆனால் சட்டம் போன பிறகு அரை நூற்றாண்டு ஊரைக் கட்டிப்போட்டிருந்தது ஒரு வரைபடம். அதற்குள் பிள்ளைகள் படித்து மருந்தாளுநராகவும் பொறியாளராகவும் சாக்ரமெண்டோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போய்விட்டார்கள். சொந்தமாக மனை வாங்கி வீடு கட்ட முடிகிற ஊருக்குத்தானே போவார்கள்? பத்திரம் வந்தபோது கையெழுத்துப் போட ஊரில் சீனக் குடும்பங்கள் சொற்பமே மிச்சம். கரையைப் போட்டு இந்த நிலத்தையே உண்டாக்கிய சனங்கள்.

வெளியே வந்ததும் அப்பா தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். பழக்கம். வழியில் ஒரு வீட்டு ஓரம் பழைய கழிவறைக் கோப்பைகளை வரிசையாக வைத்து உள்ளே பூச்செடி வளர்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் நின்று எண்ணிக்கையை விட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து நடந்தார்.

ஜூலை 28, திங்கள்: தகரம் போர்த்திய தெரு

திரும்பும் வழியில் ஸ்டீம்போட் ஸ்லூ என்ற கிளையாற்றில் காரோடு ஏற்றிக் கடத்திவிடும் இலவசப் படகில் போகலாம் என்று திட்டம். கம்பியைப் பிடித்து நகரும் படகு, அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. துறைக்குப் போனால் பராமரிப்புக்காக நிறுத்தம் என்று பலகை. சாலைத் தொடக்கத்தில் அதைச் சொல்லியிருந்தால் இருபது நிமிடம் மிச்சம். எங்களோடு வந்து நின்ற பால் வண்டிக்காரர், ஐல்டன் என்ற ஊர் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லி, திருப்பம் வரை தானே முன்னால் ஓட்டிக் காட்டினார்.

அதனால் ஐல்டனைப் பார்க்க வாய்த்தது. இங்கே 1926இல் தீ பிடித்துச் சீனர், ஜப்பானியர் தெருக்கள் இரண்டும் போயின. திரும்பக் கட்டும்போது தீக்குப் பயந்து சுவர்களுக்குச் செங்கல் மாதிரி அச்சடித்த தகரத்தைப் போர்த்தினார்கள். தட்டிப் பார்த்தால் டங்கென்கிறது. வால்நட் குரோவிலும் 1915 தீக்குப் பிறகு ஜப்பானியர்கள் தங்களுக்கெனத் தனித் தெரு கட்டினார்கள், அதுவும் குத்தகை மண்ணில்தான். 1942இல் அவர்களைக் கூட்டமாக முகாமுக்கு அனுப்பினார்கள். டெல்டாவில் சீனர் தெருக்கள் இருந்த பல ஊர்களில் இன்று வெற்று மனைகள்தான் இருக்கின்றன. லாக் மட்டும் முழு ஊராக மிஞ்சியிருக்கிறது. எரியவில்லை என்பது ஒரு காரணம். விற்கவும் இடித்துப் புதிதாகக் கட்டவும் வழியில்லாமல் மண் முடங்கிக் கிடந்தது இன்னொரு காரணமாக இருக்கும் என்பது அப்பாவின் கணிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஐல்டன் பாலத்தில் ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். கால் மணி நேரம் காத்திருப்பு. எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தோம். பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பாட்டி பனிக்கட்டி போட்ட தண்ணீர் புட்டிகளை வரிசையில் நின்ற எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே வந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. லாக்கின் அருங்காட்சியகங்கள் வாரக்கடைசியில்தான் நிச்சயமாகத் திறந்திருக்கும், வார நாளில் போவதாக இருந்தால் விசாரித்துவிட்டுப் போங்கள். நுழைவுக்குக் கட்டாயக் கட்டணம் இல்லை, உண்டியல் இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள், அந்தப் பலகைச் சுவர்களை நிமிர்த்தி வைக்கப் பணம் வேண்டும். ஜூலையில் போனால் தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னல் வழியாகப் படம் எடுக்காதீர்கள். பின்தெருத் தோட்டத்தில் யாராவது காய் கொடுத்தால் காசு நீட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தைக் கட்டாயம் பாருங்கள், உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள்.